கண்ணாயி வாக்குக் கேட்ட படம்

பாக்கியநாதன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் ஏற்காட்டு மலையின் அடிவாரத்துக்காரர். மலையேறும் பஸ்கள் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு டீக்கடை உண்டு. அவர் லண்டனில் ஒரு ஓட்டல் சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவரும் நேரில் பார்த்தவரில்லை. கூட வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அவருக்கு யார் சொன்னார்களோ!

"கேட்டீங்களா சங்கதிய? கல்தூண் வெச்ச பெரிய படக்கூடம் இருக்குதில்லீங்க, அங்க ஞாயித்துக்கெழமையானா நம்ம பக்கத்துப் பொம்பளை ஒருத்தி வருதாமா. சுவத்துப் படத்துக்கெல்லாம் 'வாங்க, வாங்க'ங்குதாமா. ஒரு பூப்படத்துக்கு முன்னால பூட்ஸைக் கழட்டி வெச்சுட்டு வாக்குக் கேக்குதாமா. காவக்காரன் புடிச்சு இழுத்தும் அசையலையாமா. குளிர்ல மூளை ஒறைஞ்சு போச்சுன்னு பேசிக்கறாங்க."

"நம்ம பக்கம்னா?"

"மொதல்ல சேலம்னாங்க. அப்புறம் ஏற்காடுன்னாங்க. உங்கூரு ஆளுங்க. நீங்களே போய் என்னான்னு பாத்துக்கங்க" என்று சிரித்தார்.

1987 தை மாதம். படிக்கப் போய், படிப்பு முடிந்து, ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலையில் ஒட்டிக்கொண்டு நான் கழித்த இரண்டாவது குளிர்காலம் அது. ஏற்காட்டுக்காரி ஒருத்திக்கு அந்த ஊரில் மூளை கலங்கும் என்றால் இன்னொருத்திக்கும் கலங்கலாம். அந்தப் பயம்தான் அடுத்த ஞாயிறு மதியம் என்னை ஓவியக்கூடத்தின் படிகளில் ஏற்றிவிட்டது. பரிதாபப்பட்டுப் போனேன் என்று எழுதினால் பொய்.

ஓர் உள்ளறையில், பெஞ்சின் மேல், ஆண்பிள்ளைகள் போடும் பெரிய கோட்டுக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கோட்டுக்குக் கீழே நீலச் சேலையின் கரை தெரிந்தது. பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜோடி பூட்ஸ், கோயில் வாசலில் விட்டதுபோல ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தது. எதிரே ஒரு சிறிய படம். அதில் வெறும் அறை, ஒரு நாற்காலி, திறந்த கதவு, சுவரில் கொஞ்சம் வெயில். வேறொன்றும் இல்லை.

நான் பின்னால் போய் நின்றேன். அவர் திரும்பாமலே, "வாங்க" என்றார்.

எனக்கு முதுகு சிலிர்த்துவிட்டது. படத்தோடு பேசுவது உண்மைதான் போலிருக்கிறது.

"உங்களத்தானுங்க. வாங்க, உக்காருங்க."

"நான் தமிழ்னு எப்படித் தெரிஞ்சுதுங்க?"

"தேங்காயெண்ணெ வாசம் உங்களுக்கு முன்னாலயே வந்துருச்சுங்க" என்றார். "எந்தூருங்க?"

"ஏற்காடுங்க."

அப்போதுதான் முழுதாகத் திரும்பினார். நாற்பது வயதிருக்கும். ஒட்டிய கன்னம், விளக்கு வைத்ததுபோன்ற கண்கள்.

"ஏற்காட்டுல யாரு ஊடுங்க?"

"ஒண்டிக்கடைகிட்டப் பலசரக்குக் கடை. பாலசுப்பிரமணியம் கடைன்னு சொல்லுவாங்க."

"அட சாமி! மொளகு எடை போடறப்ப தராசுத் தட்டுல கட்டவெரல வெச்சு அமுத்துவாரே, அவரு மகளா நீயி? அந்தக் கட்டவெரலு சௌக்கியமா இருக்குதா?"

அந்தக் கூடத்தில் சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது என்பதையே மறந்துவிட்டேன். அத்தோடு 'ங்க' போட்டுப் பேசுவதை அவர் நிறுத்தினார். நான் 'கண்ணு' ஆனேன். அவர் எனக்கு அக்கா ஆனார்.

கண்ணாயி ஏற்காட்டை ஒட்டிய வாழவந்தி ஊர்க்காரர். மலையில் தலைமுறை தலைமுறையாக ராகியும் சாமையும் விதைத்து, மிச்ச நாளில் எஸ்டேட் வேலைக்குப் போகும் குடும்பம். மஞ்சக்குட்டையைச் சேர்ந்த வெள்ளையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வெள்ளையன் மிளகு பறிப்பதில் சூரர். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கிலைச் சாத்திக்கொண்டு அணில்போல ஏறுவாராம். ஒரு மாசி மாதம் மூங்கில் வழுக்கியது. ஜீப்பில் போட்டு மலையிறங்கும்போதே, பாதிக் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. மகள் ராசம்மா அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். கண்ணாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாழவந்திக்கே, தம்பி அங்கப்பன் வீட்டுக்கு, திரும்பினார்.

பிறகு ஏரிக்கரை மேட்டில் சேலத்து டாக்டர் ஒருவரின் பங்களாவில் வேலை கிடைத்தது. அவர் மனைவி டாக்டரம்மாவின் இரண்டு குழந்தைகளும் கண்ணாயியின் கையில்தான் சோறு தின்று வளர்ந்தன. 1983இல் அந்தக் குடும்பம் லண்டனுக்குக் கிளம்பியபோது, சின்னவன் வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லை.

"ஆறே மாசம், கண்ணாயி. புள்ளைங்க பழகிக்கிட்டா உன்னைய அனுப்பி வெச்சிடறேன்" என்றிருக்கிறார் டாக்டரம்மா.

அங்கப்பனுக்குப் பிடிக்கவில்லை. "ஊரான் புள்ளைக்குச் சோறூட்டறதுக்கு உன்ற புள்ளைய உட்டுட்டுப் போறியா?"

"ஊரான் புள்ளைக்கு ஊட்டுனாத்தான்டா என்ற புள்ள பள்ளிக்கூடம் போவும்."

அக்கா தம்பிக்குள் முடிவாகாததால், அங்கே எல்லோரும் செய்வதையே செய்தார்கள். ஊர் மாரியம்மனிடம் பூ கேட்டார்கள். அம்மன் தலையில் பூசாரி பூ வைப்பார். கேட்க வேண்டியதை மனதில் கேட்டுவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டும். அம்மனுக்கு வலப்பக்கம் பூ விழுந்தால் போகலாம். இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். பெண் பார்ப்பதிலிருந்து கிணறு வெட்டுவதுவரை இந்த வாக்கில்லாமல் எதுவும் தொடங்காது.

அன்றைக்குப் பூ எந்தப் பக்கமும் விழவில்லை. வெயில் ஏறியது. கீழே சாலையில் டாக்டர் அனுப்பிய ஜீப் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. "அம்மன் யோசிக்குது, பொறு" என்றார் பூசாரி. மூன்றாவது ஹாரனுக்குக் கண்ணாயி திரும்பி நடந்துவிட்டார். "கேட்டுப்போட்டுப் பதில் வாங்காம வந்தவ கண்ணு நானு. அந்தப் பூவு இன்னமும் அங்கயே நிக்குது."

ஆறு மாதம் நான்கு வருடமானது. டாக்டரம்மா கெட்டவர் இல்லை என்று கண்ணாயி பலமுறை சொல்லியிருக்கிறார். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. காதில் மட்டும் போட்டுக்கொள்ள மாட்டார். ஊருக்குப் போகிறேன் என்றால், "பெரியவளுக்குப் பரீட்சை முடியட்டும்." பரீட்சை முடிந்தால், "குளிர் போகட்டும்." பாஸ்போர்ட் அவருடைய பீரோவில் இருந்தது.

இதையெல்லாம்விடக் கண்ணாயியை அறுத்தது வேறொன்று. எங்கள் பக்கத்தில் வாசற்படி ஏறி வந்தவரை, அவர் பங்காளிச் சண்டைக்காரரே ஆனாலும், 'வாங்க' என்று கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அதை ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். லண்டன் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள். கண்ணாயி தேநீர்த் தட்டோடு கூடத்துக்குள் நுழைவார். அத்தனை பேரும் தட்டைப் பார்ப்பார்கள். "நாலு வருசமா என்னைய ஒருத்தரும் வான்னு கேட்டதில்ல கண்ணு. நான் வந்தனா இல்லையான்னு எனக்கே சந்தேகமாயிருச்சு."

ஞாயிறு மதியம் அவருக்கு விடுமுறை. குடும்பம் காரில் ஏறி நண்பர்கள் வீட்டுக்குப் போய்விடும். வீட்டைப் பூட்டிக்கொண்டு போவார்கள். சாவி இவரிடம் இல்லை. சாயங்காலம்வரை வெளியில்தான். பூங்கா பெஞ்சு, பஸ் நிறுத்தம், மறுபடி பூங்கா பெஞ்சு. முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது.

"ஒண்ணுக்குப் போக எடந்தேடித்தான் இதுக்குள்ள வந்தேன். பொய் சொல்ல மாட்டேன். டிக்கெட்டுக் கேப்பாங்கன்னு பயந்துக்கிட்டே நொழஞ்சேன், யாரும் கேக்கல. உள்ள அடுப்படியாட்டம் கதகதன்னு இருந்துச்சு. சுத்தியும் பாத்தா, சுவரு முச்சூடும் அம்மணக்கட்டையா சனங்க! துணிக்குப் பஞ்சம் வந்த சீமை போலன்னு நெனச்சேன். கண்ண எங்க வெக்கறதுன்னு தெரியாம அடுத்த ரூமுக்கு ஓடுனேன்."

அடுத்த அறையில் வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு கிழவியின் படம் இருந்தது. யாரோ கதவைத் தட்டித் தலையைத் தூக்கிப் பார்ப்பது போன்ற முகம். கண்ணாயி அதன் முன்னால் நின்றார். கிழவி அவரையே பார்த்தாள். நகர்ந்தார். கிழவியின் பார்வையும் நகர்ந்தது.

"நான் வந்தவ. அவங்கதான் மொதல்ல கேக்கோணும். அந்தம்மா கேட்டாப்புலதான் இருந்துச்சு. அப்புறம் நான் கேக்காம இருந்தா மரியாதையா? 'வாங்க'ன்னு சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துருச்சு. மழைத்தண்ணியோட அதுவும் போச்சு."

வதந்தியில் சொன்ன 'வாங்க, வாங்க' இதுதான். அதன்பிறகு ஒரு ஞாயிறும் அவர் தவறவில்லை. உள்ளே நுழைந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுவார். ஊட்டுக்குள்ள செருப்போட யாராச்சும் போவாங்களா என்பது அவர் கேள்வி. ஜமைக்காவிலிருந்து வந்த வயதான காவலர் ஒருவர் அங்கே இருந்தார். முதலில் வேண்டாம் என்று கையசைத்துப் பார்த்தாராம். பிறகு யாரும் தடுக்கி விழாதபடி பூட்ஸைத் தன் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளி வைக்கத் தொடங்கினார். நான் போன அன்று அவர் எங்களைக் கடந்தபோது என்னைப் பார்த்துத் தலையசைத்து, "வாங்கா" என்றார். பிடித்து இழுத்த கதை அவ்வளவுதான்.

நானும் ஞாயிறுதோறும் போகத் தொடங்கினேன். மற்றவர்கள் அறை அறையாக ஓடுவார்கள். கண்ணாயி ஒரு நாளைக்கு ஒரு படம்தான் பார்ப்பார். மாடுகள் ஓடையில் தண்ணீர் குடிக்கும் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால், அந்த மாடுகள் குடித்து முடித்துக் கரையேறும்வரை எழ மாட்டார் என்று தோன்றும். வாரம் முழுக்க யாருடைய பாத்திரத்தையோ கழுவிய கைகள் மடியில் ஓய்ந்து கிடக்கும். மூச்சு சீராகும். வந்தபோது தெரிந்த கன்னத்து ஒட்டல்கூடக் கிளம்பும்போது குறைந்ததுபோல இருக்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நானும் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிடுவேன்.

அவருக்கு மிகவும் பிடித்தது அந்த வெற்று அறைப் படம்தான்.

"இதுல ஆளே இல்லையேக்கா?"

"இருக்காங்க கண்ணு. இப்பத்தான் எந்திருச்சுப் போயிருக்காங்க. நாக்காலியப் பாரு, தள்ளிக் கெடக்குது. கதவச் சாத்தாமப் போயிருக்காங்க. வந்துருவாங்க." பிறகு, "எங்கூட்டுல நான் எந்திருச்சுப் போன எடமும் இப்பிடித்தான் கெடக்கும்" என்றார்.

பங்குனியில் டாக்டரின் தாயார் சேலத்திலிருந்து வந்திறங்கினார். சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, "ஏங் கண்ணாயி, உன்ற மகளுக்குக் கல்யாணமாமே? சேர்வராயன் கோயில் திருவிழா முடிஞ்ச கையோட வெச்சிருக்கறதா பங்களாத் தோட்டக்காரன் சொன்னான்" என்றாராம். பெற்றவளுக்கு மகளின் கல்யாணச் செய்தி பீன்ஸோடு சேர்ந்து வந்தது.

அந்த ஞாயிறு கண்ணாயி எந்தப் படத்தையும் பார்க்கவில்லை.

"நிறுத்தணுமாக்கா?"

"பையன் யாரு என்னான்னே தெரியாதே கண்ணு. நல்லவனா இருந்தா நடத்தி வெக்கோணும். இல்லாட்டி நிறுத்தோணும். ரெண்டுக்கும் நான் அங்க இருக்கோணும்." குரல் தணிந்தது. "ராசம்மாவுக்குப் பதினாறுதான் ஆகுது. படிக்கறாளா, நிறுத்திட்டாங்களா, அதுவும் தெரியல."

திருவிழா வைகாசியில். டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, "ஆகஸ்டுல பாக்கலாம்" என்ற பதில் வந்திருந்தது.

வெளியேறிவிடுங்கள், என் அறையில் தங்கிக்கொள்ளலாம் என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் போலீஸ், விசா, பீரோவில் இருக்கும் பாஸ்போர்ட், பிடித்தால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் நானே அடுக்கிவிட்டேன். கண்ணாயி பொறுமையாகக் கேட்டார். பிறகு கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்.

அங்கே ஒரு பூப்படம் இருந்தது. டச்சுக்காரர் ஒருவர் முந்நூறு வருடம் முன்பு வரைந்தது. கறுப்புப் பின்புலத்தில் ஒரு ஜாடி நிறையப் பூக்கள். ஜாடியின் விளிம்பில் ஆரஞ்சு நிறப் பூ ஒன்று தண்டு மடிந்து, இதோ விழப்போகிறேன் என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"மூணு வருசமா உழுகறேன் உழுகறேன்னு நிக்குது பாரு. அது உழுகட்டும், நான் கெளம்பறேன்."

"அது விழாதுக்கா. படம்."

"மாரியம்மன் தலையில வெச்சதுந்தான் உழுகல. அது என்ன படமா?"



சித்திரை பிறந்த பிறகு ஒரு ஞாயிறு. பஸ் கிடைக்காமல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். கண்ணாயி பூப்படத்தின் முன்னால் வெறுங்காலோடு, கைகட்டி, நின்றுகொண்டிருந்தார். கன்னமெல்லாம் ஈரம்.

"உழுந்துருச்சு கண்ணு."

பார்த்தேன். ஜாடியின் விளிம்பில் அந்த ஆரஞ்சுப் பூ இல்லை. ஜாடிக்குக் கீழே கல்மேடையில், எங்களுக்கு இடப்பக்கமாக, அதாவது எதிரே சாமி உட்கார்ந்திருந்தால் சாமிக்கு வலப்பக்கமாக, ஓர் ஆரஞ்சுப் பூ கிடந்தது.

ஒரு நொடி எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. பிறகு கல்மேடையில் ஒரு நத்தை ஊர்வதைக் கவனித்தேன். போன வாரம் நத்தை இல்லை.

ஜமைக்காக்காரர் வந்தார். நான் கேட்காமலே சொன்னார். பழைய படத்தைச் சுத்தம் செய்ய இறக்கிவிட்டார்களாம். அதே ஓவியர் அதே ஜாடியை வைத்து வரைந்த இன்னொரு படம் கிடங்கில் கிடந்ததாம். வாரத்தின் நடுவில் இதைக் கொண்டுவந்து மாட்டினார்களாம்.

"என்னங்கறாரு?" என்றார் கண்ணாயி.

இரண்டு பாஷை படித்ததற்காக நான் வருந்திய நாள் அது ஒன்றுதான். சொல்லாமல் விட்டால், இந்தப் பூவை நம்பி அவர் தெருவில் இறங்கிவிடுவார். சொன்னால், திரும்பி அந்தப் பூட்டிய வீட்டு வாசலுக்கே போய் நிற்பார். மகளின் கல்யாணம் அவர் இல்லாமலே நடந்துவிடும். கடைசியில், உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

கண்ணாயி படத்தை ஒருமுறை பார்த்தார். நத்தையையும் பார்த்தார்.

"ஏங் கண்ணு, மாரியம்மன் தலையில பூ வெக்கறது யாரு?"

"பூசாரி."

"அது எதுனால உழுகுது?"

"காத்தடிச்சு... இல்லாட்டி ஈரம் காஞ்சு..."

"பூசாரி வெச்சு, காத்தடிச்சு உழுகறத வாக்குன்னு நம்பி, எங்கப்பன் என்னையக் கட்டிக் குடுத்தாரு. இங்க எத்தன ரூமு, எத்தன படம்? இந்த வாரம் பாத்து, இந்தப் படத்தப் பாத்து, மாத்தோணும்னு ஒரு மனுசனுக்குத் தோணியிருக்குது. அதுதான் காத்து."

ஜமைக்காக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

கண்ணாயி உட்கார்ந்து பூட்ஸை மாட்டினார். "நட, போலாம்."

"டாக்டர் வீட்டுக்கா?"

"உன்ற ஊட்டுக்கு. அங்கதான் பூட்டிக் கெடக்குதே."

அன்று சாயங்காலம் டாக்டரம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். பேசவேண்டியதை மனப்பாடம் பண்ணியிருந்தேன். பாதிகூடச் சொல்ல விடவில்லை.

"நீ யாருடி நடுவுல? பாஸ்போர்ட் இல்லாம எங்க போவா அவ? என் புள்ளைங்களைப் பாத்துக்கறேன்னு வந்துட்டு இப்படியா? நன்றி கெட்ட ஜென்மம்!"

எதிர்முனைச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. கண்ணாயி கையை நீட்டி ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"அம்மா, நாந்தானுங்க. சின்னவன் பால்ல ஆடை இருந்தாக் குடிக்க மாட்டானுங்க, வடிகட்டிக் குடுங்க. பெரியவளுக்கு நாளைக்கு நீச்சல் வகுப்புங்க, துண்டு கொடியில காயுது. நான் என்ற புள்ளகிட்டப் போறனுங்க. உங்க மேல வருத்தம் ஒண்ணுமில்லீங்க."

 கண்ணாயி மெதுவாக ரிசீவரை வைத்தார். 

அந்த வாரமே டாக்டர் என்னைப் போனில் கூப்பிட்டார். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடுவதாகவும், டிக்கெட்டையும் தானே எடுத்துவிட்டதாகவும் சொன்னார். எங்கே வந்து கொடுப்பது என்று கேட்டார். கண்ணாயியைக் கேட்டேன்.

"படக்கூடத்துக்கு வரச் சொல்லு. வேற எங்க? நமக்கு இந்த ஊருல இருக்கற ஊடு அது ஒண்ணுதான்."

டாக்டர் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். சின்னவன் ஓடிவந்து கண்ணாயியின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஜமைக்காக்காரர் "வாங்கா" என்றார். டாக்டருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வெற்று அறைப் படத்தின் முன்னால் நின்றுகொண்டு உறையை நீட்டினார்.

"நாலு வருஷமா ஞாயித்துக்கெழமை நீ எங்க போறேன்னு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே, கண்ணாயி."

"கேட்டிருந்தாக் கூட்டியாந்து காட்டியிருப்பனுங்க" என்றார் கண்ணாயி. கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். பிறகு குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெள்ளைத்தொப்பிக் கிழவியிடம் அழைத்துப் போனார். "வாங்கன்னு சொல்லு சாமி. ஊட்டுக்குப் பெரியவங்க" என்றார். சின்னவன் சொன்னான். பெரியவளும் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்.

டிக்கெட் வைகாசித் திருவிழா நாளுக்குத்தான் கிடைத்திருந்தது. விமானம் போய்ச் சேர்ந்து, மெட்ராஸிலிருந்து சேலத்துக்கு ரயில் பிடித்து, அடிவாரம் தாண்டி மலையேறி, வாழவந்தி போய்ச் சேர வேண்டும். அதற்குள் திருவிழா முடிந்திருக்கும். திருவிழா முடிந்த கையோடு கல்யாணம். அம்மா வருகிறாள், தாலியைக் கொஞ்சம் பொறுத்துக் கட்டுங்கள் என்று அங்கப்பனுக்கு யாராவது சொல்லியாக வேண்டும். போட்ட கடிதத்துக்குப் பதிலில்லை. வாழவந்திப் பக்கம் போன் என்றால் எஸ்டேட் ஆபீஸில் இருக்கும் ஒன்றுதான். அங்கே கணக்கெழுதும் ரைட்டர் தங்கராஜ் எடுத்தால் போதும், ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவார். அந்த வாரம் முழுக்க லைனே கிடைக்கவில்லை. கோடை மழைக்கு மலையில் கம்பி அறுந்திருக்க வேண்டும்.

கிளம்பும் நாள் காலையில் ஆபரேட்டர் இணைப்புக் கொடுத்தாள். மணி அடித்தது! நான் குதித்தேவிட்டேன். ஊரில் நடுப்பகல் நேரம். கண்ணாயி கோட்டுக்குள் தயாராக நின்றார். காலடியில் என் பழைய பை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டேங்கறாங்கக்கா."

"இன்னைக்குத் திருவிழா கண்ணு. ரைட்டரு சேர்வராயன் கோயிலுக்குப் போயிருப்பாரு. சனம் அத்தனையும் அங்கதான் கெடக்கும்."

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகப் பாக்கியநாதன் யாருடைய காரையோ ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பதில் இல்லை, துண்டித்துவிடவா என்று ஆபரேட்டர் கேட்டாள்.  இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சினேன்.

"யாரும் எடுக்கலேன்னா என்னக்கா பண்றது?"

"எடுக்காட்டியும் நான் போறேன்தானே?" என்று சொல்லிக்கொண்டே ரிசீவரை என் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் பார்க்கும் அதே முகம்.

"அந்த ஆபீஸு எனக்குத் தெரியும். சன்னலோரம் மேசை. மேசைமேல போனு. ஆணியில ரைட்டரு தொப்பி தொங்கும். கதவு தொறந்துதான் கெடக்கும், வெளிய சில்வர் ஓக்கு தெரியும். இந்நேரத்துக்குச் சுவத்துல கொஞ்சம் வெயிலு உழும்."

ஹாரன் மறுபடி அடித்தது.

"நாக்காலி தள்ளிக் கெடக்கும் கண்ணு. இப்பத்தான் எந்திருச்சுப் போயிருக்காங்க."

மூன்றாவது ஹாரனும் கேட்டது. கண்ணாயி பையைக் காலால் கதவுப் பக்கம் தள்ளினார். ரிசீவரை வைக்கவில்லை. மலைமேல் மணி அடித்துக்கொண்டே இருந்தது.